ஆறாவது குழி

அவரை லேபில் எல்லோரும் ஸ்கேலக்கா என்றுதான் கூப்பிட்டோம். வெள்ளைக் கோட்டின் மேல்பாக்கெட்டில் மற்றவர்களுக்குப் பேனா இருக்கும். இவருக்குப் பதினைந்து சென்டிமீட்டர் ஸ்கேல். கூப்பிட்டோம் என்று சொல்வதால் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். இருக்கிறார். எனக்கு நாலு மேசை தள்ளி உட்கார்ந்து தட்டு பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பெயரை மட்டும் இப்போது நாங்கள் யாரும் வாயில் எடுப்பதில்லை.

நான் ரிப்போர்ட் அடிக்கிறவன். படிப்பு கம்மி, வாய் ஜாஸ்தி என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. இருக்கட்டும். பன்னிரண்டு வருஷமாக நான் அடித்த ரிப்போர்ட்டில் பாதி அவர் வாயால் சொல்லி நான் அடித்தது. அவரைப் பற்றிப் பேச என்னைவிட வேறு யாருக்கு உரிமை இருக்கிறது?

எங்கள் பிரிவில் நடப்பது கிருமி வளர்க்கிற வேலை. வார்டிலிருந்து சின்ன டப்பாவில் சிறுநீர் வரும். மூடியை ஒழுங்காகத் திருகாமல் பேப்பரெல்லாம் நனைய அனுப்புவார்கள், அந்த மகராசன்களை நான் திட்டாத நாளில்லை. அதில் துளி எடுத்து, கண்ணாடித் தட்டில் உறைய வைத்த ஜெல்லியில் தேய்த்து, வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்தால் மறுநாள் கிருமி முளைத்திருக்கும். பிறகு அந்தக் கிருமியை இன்னொரு தட்டு முழுக்கப் பூசி, மேலே மருந்து தோய்த்த காகிதப் பொட்டுகளை வரிசையாக வைப்பார்கள். மருந்து வேலை செய்தால் பொட்டைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிந்த வட்டம் விழும். வேலை செய்யாவிட்டால் பொட்டு ஓரம் வரைக்கும் கிருமி அப்பிக்கொண்டிருக்கும். வட்டத்தை அளந்து, பெரிதாக இருந்தால் 'எஸ்', அதாவது கிருமி மருந்துக்குக் கேட்கும். சிறிதாக இருந்தால் 'ஆர்', கேட்காது. அதைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்து எழுதுவார்.

அளக்கிறதில் அக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார் என்பார்களே, அப்படி. ஒருமுறை வார்டு டாக்டர் ஒருவர் போனில் குழைந்தார். பதினான்கு என்று வந்ததைப் பதினைந்து என்று போட்டால் விலை குறைந்த மாத்திரையையே கொடுத்துவிடலாமாம். ஒரு மில்லிமீட்டர்தானே என்றார்.

"டாக்டர், கூடக் குடுக்க என்கிட்ட ஒரு மில்லிமீட்டர் இருந்தா வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார் அக்கா. அந்தப் பக்கம் டாக்டருக்குப் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது, ஏனென்றால் அவர் வீட்டுக்காரரின் ரிப்போர்ட்டையும் நான்தான் அடிப்பேன்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே இரண்டாவது மாடி உயரத்திலிருந்து விழுந்தார். முதுகெலும்பு போயிற்று. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. சிறுநீர் தானாக இறங்காது. ஒரு ரப்பர் குழாய், கட்டிலின் ஓரத்தில் ஒரு பை. தரைத்தளத்தில் இரண்டே அறை உள்ள வீடு. முன்னறையில் ஜன்னலோரமாகக் கட்டில். அக்கம்பக்கத்து மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி எல்லாம் அவரிடம் வரும். நெஞ்சின் மேல் ஒரு பலகையை வைத்துக்கொண்டு, படுத்தபடியே கழற்றி மாட்டிக் கொடுத்துவிடுவார். மனுஷனுக்கு இருந்த நக்கலில் நாலு பேர் பிழைக்கலாம்.

"லிஃப்ட்ட ரிப்பேர் பண்ணப் போனேன் தம்பி, அது என்னை ரிப்பேர் பண்ணிடுச்சு" என்பார். மனைவியை அதிகாரி என்று கூப்பிடுவார். அக்கா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அதிகாரி வந்தாச்சு, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க. என்னைத் தவிர" என்று குரல் கொடுப்பார். அக்கா சிரிக்க மாட்டார். நேராகப் போய்ப் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார், கலங்கியிருக்கிறதா என்று.

குழாய் என்று ஒன்று உள்ளே இருந்தால் கிருமி வரத்தான் செய்யும். இரண்டு மூன்று மாதத்துக்கொரு தடவை குளிர் நடுக்கம், காய்ச்சல். அக்காவே சிறுநீரை டப்பாவில் பிடித்து வருவார், அவரே தட்டில் போடுவார், அவரே அளப்பார். நான் அடிப்பேன். முதல் வருஷங்களில் மாத்திரைக்குக் கேட்டது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மருந்துகள் கைவிட்டன. அக்கா என் பக்கத்தில் நின்று, "ஆர். ஆர். ஆர்" என்று சொல்லிக்கொண்டே போவார், குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல், ஊரார் வீட்டு ரிப்போர்ட் மாதிரி.

போன வருஷக் கடைசியில் பன்னிரண்டு மருந்தில் பதினொன்று ஆர். ஒன்றே ஒன்று எஸ். அது ஓர் ஊசி. பத்து நாள் வார்டில் படுத்துப் போட வேண்டியது. அதற்கு முந்தைய தடவை அதே ஊசியைப் போட்டபோது சிறுநீரகம் அடிவாங்கிவிட்டது. அதைவிட மோசம், வார்டில் புரட்டிப் போட ஆளில்லாமல் முதுகில் புண் வந்து, ஆற ஐந்து மாதமாயிற்று. புண்ணின் ஆழத்தை அக்கா அதே ஸ்கேலால் அளந்ததாக எனக்குக் கேள்வி. வீட்டுக்காரர் அப்போதே சொல்லிவிட்டார்.

"இன்னொரு தடவ அந்த வார்டு வேணாம். வேற எது வேணா பண்ணு. ஊருக்கே மருந்து பாத்துச் சொல்றவ நீ. எனக்குன்னு ஒண்ணு கெடைக்காமயா போயிடும்?"

நக்கல் இல்லாமல் அவர் பேசி அக்கா கேட்டது அன்றைக்குத்தானாம். அது அக்காவை என்னவோ செய்துவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் பிரிவின் பின்னறைக்கு ஓர் ஆராய்ச்சிப் பெண் வந்து சேர்ந்தாள். மருந்துக்குக் கேட்காத சிறுநீர்க் கிருமிகளை இலை, பட்டை, வேர்ச் சாறுகள் தடுக்குமா என்று பார்ப்பது அவள் படிப்பு. காயப் போடுவாள், பொடிப்பாள், ஊற வைப்பாள், வடிகட்டுவாள், சுண்ட வைப்பாள். பின்னறை முழுக்கச் சமையல் தெரியாதவன் வீட்டு அடுப்படி மாதிரி ஒரு வாசனை. பாட்டில்களுக்கு நம்பர் மட்டும் ஒட்டியிருப்பாள். கிருமியைப் பத்திரப்படுத்துகிறது எங்கள் ஃப்ரிட்ஜ் என்பதால் அக்கா அவளுக்குக் கிருமி எடுத்துக் கொடுத்தார். பிறகு கை கொடுத்தார். பிறகு பாதி வேலையை அவரே செய்தார். சாப்பாட்டு வேளையில் டப்பாவைக்கூடத் திறக்காமல் பின்னறைக்குப் போய்விடுவார். கொடுத்த கிருமிகளில் ஒன்று அவர் வீட்டுக்காரருடையது. அதைப் பரிசோதனையில் சேர்த்தது அவரேதான்.

பதினாறு சாறு வரைக்கும் ஒன்றும் தேறவில்லை. பதினேழாம் நம்பர் ஒரு மரப்பட்டை. பேரைச் சொன்னார்கள், என் வாயில் நுழையவில்லை. மற்றதெல்லாம் தண்ணீரில் கரைந்தது. இது பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு கரைய மறுத்தது. அதனால் ஸ்பிரிட்டில் கரைத்தார்கள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், எல்லாம் இங்கேதான் இருக்கிறது. சாற்றுக்குக் காகிதப் பொட்டு கிடையாது. ஜெல்லியில் சின்னக் குழாயால் குழி வெட்டி, அதில் சாற்றை விடுவார்கள். ஒரு தட்டுக்கு ஆறு குழி. ஐந்தில் சாறும் மருந்தும், ஆறாவதில் சாறு எதில் கரைந்திருக்கிறதோ அது மட்டும், வெறுமனே. வட்டம் விழுந்தால் அது பட்டையால் விழுந்ததா, ஸ்பிரிட்டால் விழுந்ததா என்று பார்ப்பதற்கு. ஸ்பிரிட் கிருமியைக் கொல்லும் என்பது ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அக்காவுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் இருபத்திரண்டு வருஷம் அவர் கைபட்டதெல்லாம் கம்பெனியிலிருந்து வரும் காய்ந்த பொட்டு. அதில் ஈரமே கிடையாது. வெறும் பொட்டு என்று ஒன்றை வைத்துப் பார்க்கிற வழக்கமும் இங்கே கிடையாது. அன்று அந்தப் பெண்ணுக்குக் கல்லூரியில் ஏதோ தேர்வு. அக்கா தனியாகத் தட்டுப் போட்டார். வீட்டுக்காரருக்கு முந்தின நாளிலிருந்து பை கலங்கலாக இருந்தது. ஆறாவது குழியை வெறும் ஸ்பிரிட்டுக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. பதினேழு ஒரு குழியில் வேலை செய்தால் தற்செயலாக இருக்கலாம், இரண்டு குழியில் செய்தால் நம்பலாம் என்று, அதிலும் பதினேழையே விட்டார். கவனக்குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. கூடுதலாகக் கவனமாக இருக்கப் போய்ச் செய்த தப்பு.

மறுநாள் காலை தட்டைக் கையில் பிடித்தபடி என் மேசைக்கு வந்தார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் வேகமாக நடந்து நான் பார்த்தது அன்றுதான்.

"பாரு தம்பி. பதினேழு மில்லிமீட்டர். இங்கயும் பதினேழு. ரெண்டும் ஒண்ணுபோல."

"யாரு கிருமி இது?"

"அவரோடது."

எனக்கு ஒரே சந்தோஷம். டீ வாங்கிக் கொடுத்தேன், வடிகட்டின முட்டாள். அந்தப் பெண்ணும் வந்து பார்த்துக் குதித்தாள். வெறும் ஸ்பிரிட் குழி எங்கே என்று அவளும் கேட்கவில்லை. ஸ்கேலக்கா போட்ட தட்டை யார் கேள்வி கேட்பது?

அதற்கு மூன்றாம் நாள் சிறுநீரக டாக்டர் அக்கா வீட்டுக்காரரின் புது ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, உடனே வார்டில் சேர்த்து ஊசியை ஆரம்பிக்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அக்கா சீட்டை நாலாக மடித்துக் கோட்டுப் பாக்கெட்டில் வைத்தார். பின்னறைக்குப் போனார். பதினேழாம் நம்பர் பிசினில் கொஞ்சம் சுரண்டி எடுத்து, பாட்டில் பக்கத்தில் இருந்த நோட்டில், 'இரண்டு கிராம், எடுத்தது நான்' என்று தேதி போட்டுக் கையெழுத்தும் வைத்தார். திருடத் தெரியாதவர் திருடினால் இப்படித்தான் இருக்கும்.

வெளியே வந்து என்னிடம் மட்டும் சொன்னார். "ஒரு வாரம் தம்பி. காலையில ஒரு உருண்டை, சாயங்காலம் ஒரு உருண்டை. கேக்கலன்னா கூட்டிட்டு வந்துடுறேன். வார்டு எங்க போயிடப்போவுது."

என் வாய் இருக்கிறதே, ஊரில் உள்ள எல்லோரிடமும் நீளும். அன்றைக்கு என்ன சொன்னேன் தெரியுமா? "நீங்க பாத்துக்குவீங்கக்கா" என்றேன். சொல்லிவிட்டு அடுத்த ரிப்போர்ட்டை அடிக்கத் திரும்பிவிட்டேன்.

நாலாம் நாள் விடுமுறை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அவர் நெஞ்சின் மேல் ஒரு மிக்ஸி வயிறு திறந்து கிடந்தது. காய்ச்சல் இறங்கியிருந்தது. அக்கா நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்க வைத்ததில் பையும் கொஞ்சம் தெளிந்திருந்தது. அதைப் பட்டையின் கணக்கில் சேர்த்துவிட்டோம்.

"எப்பிடிண்ணே இருக்கு மருந்து?"

"கசப்புன்னா கசப்பு, அப்பிடியொரு கசப்பு. மரப்பட்டைய தின்னு பொழைக்கிறதுல ஆட்டுக்கு அடுத்தது நான்தான்" என்றார். பிறகு அக்கா உள்ளே போன நேரம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அவ மொகத்தப் பாத்தியா? ஒம்பது வருஷம் கழிச்சு இப்பத்தான் தம்பி ராத்திரி தூங்குறா. அதுக்காகவாவது தின்னலாம்."

அவர் கன்னம் ஒட்டியிருந்தது. திருகாணியைப் பிடித்த விரல் நழுவிக்கொண்டே இருந்தது. பார்த்தேன், எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்துவிட்டு மிக்ஸியின் மூடியை மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒன்பதாம் நாள் எங்கள் பிரிவுத் தலைவி, பெரிய டாக்டரம்மா, அந்தப் பெண்ணின் முடிவுகளைப் பார்க்க உட்கார்ந்தார். நானும் அங்கே அடிப்பதற்காக இருந்தேன். பதினேழாம் நம்பர் வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"வெறும் ஸ்பிரிட் எவ்வளவு காட்டுச்சு?"

அந்தப் பெண் அக்காவைப் பார்த்தாள். அக்கா, "அந்தக் குழியில ரெண்டாவது தடவ பதினேழையே போட்டேன் மேடம்" என்றார். சொல்லும்போதே குரல் பாதியில் இறங்கியது.

டாக்டரம்மா ஒன்றும் திட்டவில்லை. "நாளைக்கு வெறும் ஸ்பிரிட் போட்டுப் பாருங்க" என்றார், அவ்வளவுதான். அவருக்கு அது ஒரு மாணவியின் நோட்டில் ஒரு பக்கம், திருத்தினால் போயிற்று. அந்தப் பிசின் ஒரு மனுஷன் வயிற்றுக்குள் ஒன்பது நாளாகப் போய்க்கொண்டிருப்பது அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அக்கா அன்றே தட்டுப் போட்டார். அன்று சாயங்காலமே அவரை வார்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம். வரவில்லை. இதை நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். தட்டு வாய் திறந்து சொல்லாமல் எதையும் நம்புகிற பழக்கம் அவருக்கு இல்லை.

மறுநாள் காலை பெட்டியைத் திறந்து தட்டை எடுத்தார். பதினேழாம் நம்பர் போட்ட குழியைச் சுற்றிப் பதினேழு மில்லிமீட்டர். வெறும் ஸ்பிரிட்டைச் சுற்றிப் பதினாறு. வட்டம் போட்டது ஸ்பிரிட், மிச்சம் ஒரு மில்லிமீட்டரைத் தவிரப் பட்டை செய்தது ஒன்றுமே இல்லை. ஸ்கேலைத் திருப்பித் திருப்பி வைத்து நாலு தடவை அளந்தார். அப்போதுதான் போன் வந்தது, பக்கத்து வீட்டிலிருந்து. குளிரில் கட்டிலே ஆடுகிறதாம், கூப்பிட்டால் ஏதோ சம்பந்தம் இல்லாமல் பேசுகிறாராம்.

தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தோம். கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டிருந்தது. ஊசிக்கு முன்னால் ரத்தம் எடுத்து எங்கள் லேபுக்கே அனுப்பினார்கள். ஊசி ஏறியது. சிறுநீரக டாக்டர் பழைய சீட்டின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, "பத்து நாளைக்கு முன்னாடி எழுதிக் குடுத்தேனே, எங்கம்மா போயிருந்தீங்க? நீங்களே லேப்ல இருக்கிறவங்கதானே?" என்றார். அக்கா தலையை நிமிர்த்தவே இல்லை. அவர் பின்னால் நின்ற நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு நாள் போராடினார்கள். நடுவில் ஒருமுறை நினைவு தெளிந்தபோது, வார்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மறுபடியும் இங்கதானா அதிகாரி?" என்று கேட்டாராம். அதற்கு அக்கா என்ன பதில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் உயிர் பிரிந்தது.

அதற்கும் மறுநாள் காலை பதினொரு மணி. அவர் ரத்தத்திலிருந்து வளர்ந்த கிருமிக்கு மருந்துப் பொட்டு வைத்த தட்டு பெட்டிக்குள் தயாராக இருந்தது. எடுக்கத்தான் யாருக்கும் கை வரவில்லை. நீ எடு, நீ எடு என்று தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தோம். கதவு திறந்தது, அக்கா வந்தார். வீடு நிறைய உறவுக்காரர்களை உட்கார வைத்துவிட்டு, தலையைக்கூட வாராமல், கோட்டை மட்டும் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"பதினெட்டு மணி நேரம் தாண்டிடுச்சே, இன்னுமா பாக்கல?" என்றார்.

அவரே தட்டை எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு பொட்டாக அளந்தார். பிறகு என் பக்கத்தில் வந்து நின்று சொன்னார், நான் அடித்தேன். ஆர். ஆர். ஆர். பதினோரு ஆர். கடைசியாக அந்த ஊசி.

"இருபத்தொண்ணு."

அட்டவணையைப் பார்க்கவே தேவையில்லை. அந்த ஊசிக்குப் பதினெட்டு இருந்தாலே போதும். நான் விசைப்பலகையில் கை வைத்தபடி அவரைப் பார்த்தேன்.

"எஸ். அடி தம்பி."

"அக்கா, இது இனிமே யாருக்கு?"

"ரிப்போர்ட் வார்டுக்குப் போகணும். அடி."

அடித்தேன். ஒன்பது நாளும் கேட்கிற மருந்து ஒன்று அடுத்த கட்டடத்திலேயே இருந்திருக்கிறது. அந்த ஒரு எழுத்தை அடிக்க எனக்கு எவ்வளவு நேரமாயிற்று என்று தெரியவில்லை. காகிதம் வெளியே வந்ததும் அவர் எடுத்து, அளந்தவர் என்கிற இடத்தில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டும் நகரவில்லை. எனக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார்.

"உனக்கு முதல்லயே தெரியும்ல. சீட்டு குடுத்தது தெரியும், நான் கூட்டிட்டுப் போகாதது தெரியும். நீ ஏன் தம்பி ஒரு வார்த்தை கேக்கல?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

"நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்க்கா."

அவர் ரிப்போர்ட்டை இரண்டாக மடித்தார்.

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன்" என்றார்.